எடையைத் தாங்கக் கற்ற காலணி

ஓடுபவரின் பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் அவருடைய உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 கிலோ என்று கொண்டால், 100 கிலோ எடையுள்ளவருக்கு 250 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓடி முடிக்க ஏறத்தாழ ஆயிரம் எட்டுகள் வைக்க வேண்டும். இவ்வளவு எளிய கணக்குதான் என்றாலும், ஓட்டக் காலணி செய்தவர்கள் கனத்த உடலை மனத்தில் வைத்து வேலை செய்யத் தொடங்கியது வெகு பின்னால்தான். ஓடுபவர் என்றால் ஒல்லியானவர் என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது.

இங்கிலாந்தின் போல்டன் ஊரில் ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர் 1895 வாக்கில் ஆணி பதித்த ஓட்டக் காலணிகளைச் செய்யத் தொடங்கினார். மெல்லிய தோல், அடியில் சில ஆணிகள், அவ்வளவுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வென்ற ஹரால்ட் ஆபிரகாம்ஸ் அணிந்தவை அந்தக் குடும்பத்தின் காலணிகளே. ஜெர்மனியில் தாஸ்லர் சகோதரர்களும் இதே வழியில் சென்றனர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அவர்களுடைய காலணியுடன் ஓடினார். எடையைக் குறைப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தத் திறமையும். ஆனால் குறைக்கப்பட்டது காலணியின் எடை. மற்றவர்களுக்கு இருந்தது ரப்பர் அடியுள்ள கான்வாஸ் ஷூ மட்டுமே.

மாற்றம் நியூசிலாந்தில் தொடங்கியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல், முர்ரே ஹால்பெர்க் ஆகிய இருவரையும் தங்கம் வெல்லவைத்த பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், மெதுவான நீண்ட ஓட்டம் நடுவயதுக்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும்கூட நல்லது என்று வாதாடியவர். 1962இல் ஆக்லாந்தில் ஜாகிங் குழு ஒன்று உருவானது. அந்த ஆண்டின் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், 51 வயதில் அந்தக் கூட்டத்தோடு ஓடிப் பார்த்து மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக வந்தார். ஊர் திரும்பிய பவர்மேன், ஒரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் பொதுமக்களுக்கு ஜாகிங் பழக்கினார். இதய மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். வீரர்களுக்கே உரியதாக இருந்த ஓட்டத்துக்குள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து உடல் கனத்தவர்கள் நுழைந்தது இப்படித்தான். பின்னாளில் ஓட்டம் பற்றிய நூலால் உலகப் புகழ் பெற்ற ஜிம் ஃபிக்ஸ் 1967இல் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது 35, எடை 97 கிலோ.

இவர்களுடைய முதல் தேவை மெத்தை அன்று, அகலம். எடை ஏறும்போது உள்ளங்கால் வளைவு சற்றுத் தாழ்கிறது. பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரிகிறது. அகலமான காலணி கிடைக்காதவர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிக்கிறார். அப்போது காலணி மடங்க வேண்டிய இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒத்துப்போவதில்லை. குதிகால் பின்னால் நழுவுகிறது, விரல்கள் முன்னால் போய் இடிக்கின்றன, நகம் கறுக்கிறது. இந்தக் குறையை முதலில் உணர்ந்த நிறுவனங்களில் ஒன்று பாஸ்டனின் நியூ பேலன்ஸ். 1906இல் அது தொடங்கப்பட்டபோது செய்தது காலணி அன்று. நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்கு உள்ளங்கால் தாங்கி. பாதத்தின் வடிவத்தைக் கவனித்துப் பழகிய அந்த நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ‘டிராக்ஸ்டர்’ என்ற ஓட்டக் காலணியைப் பல அகலங்களில் கொண்டுவந்தது. அடியில் அலை அலையான ரப்பர் இருந்தது. 1972இல் பாஸ்டன் மராத்தான் நாளன்று ஜிம் டேவிஸ் அந்த நிறுவனத்தை வாங்கியபோது அங்கே ஆறு பேர் நாளுக்கு முப்பது ஜோடி செய்துகொண்டிருந்தனர். ஆண்களுக்கு ‘டி’ வழக்கமான அகலம், ‘2ஈ’ அகலம், ‘4ஈ’ மிக அகலம் என்ற எழுத்துக் கணக்கு ஓட்டக் காலணியில் நிலைபெற அது பெரிதும் உதவியது. கனத்தவர்களுக்காகக் காலணித் தொழில் செய்த உதவிகளில் இதுவே தலையாயது. விளம்பரத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுவே.

அடுத்தது மெத்தை. ஈ.வி.ஏ. என்னும் ஃபோம் 1970களின் நடுவில் புரூக்ஸ் நிறுவனத்தின் ‘வில்லனோவா’ வழியாக ஓட்டக் காலணிக்குள் வந்தது. ரப்பரைவிட மிக இலேசானது. உள்ளே மூடிய நுண்ணிய அறைகளில் வாயு நிறைந்திருக்கும். அதிர்வை வாங்கிக்கொள்பவை அந்த அறைகள். பாரம் அதிகமாக அதிகமாக அறைகளின் சுவர்கள் நசுங்கி, பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றலை இழக்கின்றன. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இயந்திரத்தைக் கொண்டு சோதித்தபோது, 80 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஈடான உழைப்பிலேயே காலணிகள் அதிர்வு தாங்கும் திறனில் கால்பங்கை இழந்திருந்தன. கனத்தவரின் காலணி வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே செத்துப்போயிருக்கக்கூடும். அடி அடுக்கின் ஓரத்தில் விழும் நெடிய சுருக்கங்களே அதற்கு அடையாளம். இதற்கு மாற்றுத் தேடியவர்களில் விண்வெளித் துறைப் பொறியாளர் ஃபிராங்க் ரூடியும் ஒருவர். நசுங்கிப் போகாத வாயுப் பைகளை அடியில் பொதியும் அவருடைய யோசனை 1978இல் நைக்கியின் ‘டெயில்விண்ட்’ ஆனது. 1986இல் ஏசிக்ஸ் ‘ஜெல்’ கொண்டுவந்தது.

மெத்தை வந்ததும் புதிய சிக்கலும் வந்தது. மென்மையான அடியில் பாதம் உட்புறமாகச் சாய்வது கூடியது. அதைத் தடுக்க, காலணியின் உட்பக்கத்தில் மட்டும் கடினமான ஃபோம் கட்டைகளும் குதிகாலைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையங்களும் சேர்க்கப்பட்டன. 1982இல் 100 டாலருக்கு வெளிவந்த நியூ பேலன்ஸ் 990, 1992இல் வந்த புரூக்ஸ் ‘பீஸ்ட்’ ஆகியவை இந்த வரிசையில் பேர்பெற்றவை. பாதத்தின் வளைவை அறியக் கடைகளில் நனைந்த பாதத்தைக் காகிதத்தில் பதித்துப் பார்த்தார்கள். ஆள் கனமாக இருந்தால் இந்த வகைக் காலணியையே எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் ஊன்றியது. இங்கேதான் தொழில் வழி தவறியது. எடை வேறு, பாதம் சாய்வது வேறு. வளைவு உயர்ந்த, விறைப்பான பாதமுள்ள கனத்த மனிதர்கள் ஏராளம். அவர்களுக்கு வேண்டியது மெத்தை. கிடைத்ததோ செங்கல்லைப் போன்ற கட்டுக்காலணி.

இதே காலத்தில் அமெரிக்க ஓட்டப் பந்தயங்களில் எடைப் பிரிவுகள் தோன்றின. ஸ்காட்லாந்தின் பெரிய வண்டிக் குதிரை இனத்தின் பெயரால் ஆண்கள் பிரிவுக்கு ‘கிளைடஸ்டேல்’ என்றும், பெண்கள் பிரிவுக்கு ‘அத்தீனா’ என்றும் பெயர். அமெரிக்க டிரையத்லான் அமைப்பின் கணக்கில் முதலாவதற்கு 220 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 100 கிலோ; இரண்டாவதற்கு 165 பவுண்டு, 75 கிலோ. குதிரையின் பெயர் எல்லோருக்கும் பிடிக்கவில்லைதான். ஆனாலும் கனத்தவர் பந்தயத்துக்கு வழிதவறி வந்தவர் அல்லர், அவருக்கும் அங்கே இடமுண்டு என்பதை எழுத்தில் பதித்த பெருமை அந்தப் பிரிவுகளுக்கு உண்டு.

2009இல் கிறிஸ்டோபர் மக்டூகலின் நூல் ஒன்று வெளிவந்ததை அடுத்து, வெறுங்காலைப் போன்ற மெல்லிய காலணிகள் சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. குதிகாலில் இருந்த சுமையை அவை கெண்டைக்காலுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் மாற்றிவிட்டன. பழகாத கனத்த உடலுக்கு அது கடுமையான மாற்றம். அதே 2009இல், பிரான்சின் அன்னெசி நகரில் நிக்கோலா மெர்மூவும் ழான்-லுக் தியாரும் நேர் எதிர்த் திசையில் நடந்தனர். மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்காக அவர்கள் உருவாக்கிய ‘ஹோகா’ காலணியில் அடி மிகத் தடிமன், தரையில் படும் பரப்பு அகலம், பாதம் ஃபோமின் மேல் நிற்காமல் அதற்குள் சற்றே அமிழ்ந்து அமர்ந்திருக்கும். உட்பக்கக் கட்டையின் துணையில்லாமலே மெத்தையும் நிலைத்தன்மையும் ஒருங்கே கிடைத்தன. மலைக்காகச் செய்யப்பட்ட காலணியைக் கனத்தவர்கள் சமதளத்தில் ஏற்றுக்கொண்டது இதனால்தான். 2013இல் அடிடாஸ் ‘பூஸ்ட்’ என்ற புதுவகை ஃபோமைக் கொண்டுவந்த பிறகு, ஈ.வி.ஏ.வைவிட நன்றாக மீளும் ஃபோம்கள் பெருகின.

மெத்தை கனத்தவர்களைக் காக்கிறது என்பது அதுவரை ஊகமாகவே இருந்தது. லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 848 பேருக்கு மென்மையான காலணியையோ கடினமான காலணியையோ, எது என்று சொல்லாமல் கொடுத்துக் கண்காணித்த முடிவுகள் 2020இல் வெளிவந்தன. கடினமான காலணி அணிந்தவர்களுக்குக் காயம் கூடுதல். எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதோ, மென்மையால் தெளிவாகப் பயன்பெற்றவர்கள் எடை குறைந்தவர்கள். எடை கூடியவர்களிடம் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே கனத்தவர் தேர்ந்தெடுக்கும்போது மெத்தையின் மென்மை முதல் அளவுகோலாக இருக்க வேண்டியதில்லை. விரல்கள் விரிய இடமிருக்கிறதா, அடிப்பரப்பு அகலமா, நின்றால் ஒருபக்கம் அமுங்காமல் தாங்குகிறதா என்பவையே முன்னால் வர வேண்டியவை. பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் சேர்த்தே அளக்கும் பிரானக் கருவி 1920களிலேயே வந்துவிட்டது. ஓட்டக் காலணிகளில் பல இன்றும் ஒரே அகலத்தில்தான் விற்பனைக்கு வருகின்றன.