மறக்க முயன்ற மனிதர்கள்

பண்டைய ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்தொக்கிள்ஸிடம் அறிஞர் ஒருவர் சென்று, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் கலையைக் கற்றுத்தர முன்வந்தாராம். அதைவிட, தாம் மறக்க விரும்புவதை மறக்கும் கலையைக் கற்றுத்தந்தால் பேருதவியாக இருக்கும் என்று தலைவர் பதிலளித்தாராம். இக்கதையை எழுதிவைத்தவர் உரோமப் பேச்சாளர் சிசெரோ. நினைவை வளர்க்கும் கலைக்கு அதன்பின் எத்தனையோ நூல்கள் தோன்றின. மறக்கும் கலையைப் பற்றி விஞ்ஞானம் முறையாக ஆராயத் தொடங்கியது மிக அண்மையிலேதான்.

வெறும் மனவுறுதியால் மறந்துவிட முடியுமா? தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், ஏறத்தாழ 40 ஆண்டுகள் தம்மிடம் பணியாற்றிய லம்பே என்பவரை 1802 இல் வேலையிலிருந்து விலக்கினார். ஆயினும் பழகிய பெயர் நாவில் வந்துகொண்டே இருந்தது. அப்பெயரை இனி முற்றாக மறந்துவிட வேண்டும் எனத் தமது குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மறப்பதற்காக எழுதிய குறிப்பே அப்பெயரை இன்றுவரை வாழவைத்திருக்கிறது.

சிக்மண்ட் பிராய்ட் 1915 இல் எழுதிய கட்டுரையொன்றில், மனம் தாங்கமுடியாதவற்றை நனவிலிக்குள் தள்ளிவிடுகிறது என்று விளக்கினார். அவர் கூறிய அமுக்கம் பெரும்பாலும் மனிதர் அறியாமலே நிகழ்வது. அமுக்கப்பட்டது வேறொரு வடிவில் திரும்பிவரும் என்பதும் அவர் கொள்கை. இதனால் மறத்தல் நோய்க்கு வேராகவும் நினைவுகூர்தல் அதற்கு மருந்தாகவும் நெடுங்காலம் கருதப்பட்டன. 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில், சிகிச்சையின்போது 'மீண்டுவந்த' சிறுபராய நினைவுகளை ஆதாரமாகக் கொண்டு வழக்குகள் தொடரப்பட்டன. தூண்டும் கேள்விகளால், நடக்காத ஒன்றையும் நினைவாக விதைக்கமுடியும் என்பதை எலிசபெத் லொப்டஸ் போன்ற உளவியலாளர்கள் காட்டிய பின்னரே அந்த வேகம் தணிந்தது.

1987 இல் டானியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் எளிய பரிசோதனையொன்றை நடத்தினர். வெள்ளைக் கரடியை மாத்திரம் நினைக்காதீர்கள்; நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் கூறினர். மணி ஓயவில்லை. பின்னர் தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கியவர்களுக்கே கரடி கூடுதலாக வந்தது. அடக்கினால் நினைவு பெருகும் என்ற முடிவே எங்கும் பரவியது.

2001 இல் மைக்கேல் அண்டர்சனும் கொலின் கிறீனும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. சொற்களை இணையிணையாகக் கற்பித்தனர். பின்னர் முதற்சொல்லைக் காட்டி, சில வேளைகளில் அதன் இணையை நினைவுகூரவும், சில வேளைகளில் அது மனதிற்குள் நுழையாமல் தடுக்கவும் பணித்தனர். 16 தடவைகள் வரை தடுக்கப்பட்ட சொற்களை மற்றவற்றைவிடக் குறைவாகவே நினைவுகூர முடிந்தது. சரியான விடைக்குப் பணம் தருவதாகச் சொன்னபோதும் நிலைமை மாறவில்லை. 2004 இல் மூளையைப் படம்பிடித்தபோது, நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி தீவிரமாக இயங்குவதும், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகம்பஸ் அடங்குவதும் தெரிந்தன. 2006 இல் வேறு ஆய்வாளர்கள் இப்பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனினும் தொடர்ந்து வந்த பல ஆய்வுகள், விளைவு சிறிதாயினும் உண்மையானது என்பதையே உணர்த்தின.

பிள்ளைகளின் நிலை என்ன? 8 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளையும் இளம் வயதினரையும் ஒப்பிட்ட 2009 ஆம் ஆண்டு ஆய்வொன்று, நினைவைத் தடுக்கும் ஆற்றல் வயதோடு வளர்கிறது என்று கண்டது. கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதும் கடந்துவிடும். ஆகவே சிறுவருக்கு நினைவின் வாசலை அடைத்துவைக்கும் வலு குறைவு. அவர்கள் விளையாட்டுக்கும் வேறு பேச்சுக்கும் தாவிவிடுகிறார்கள். அதுவே அவர்களுடைய வழி.

2015 நவம்பரில் பாரிஸில் நிகழ்ந்த தாக்குதல்களை எதிர்கொண்ட 102 பேரைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். முடிவுகள் 2020 இல் வெளியாகின. மனவடு நோய்க்கு ஆளாகாதவர்களிடம் நினைவைத் தடுக்கும் இயக்கம் நன்கு செயற்பட்டது; நோயுற்றவர்களிடம் அது குலைந்திருந்தது. "மறந்துவிடு" என்று அவர்களுக்குச் சொல்வது, கால் முறிந்தவரை எழுந்து நட என்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு மாறான தவறும் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமி இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. வெளிநாட்டு ஆலோசகர்கள் பலர் வந்திறங்கினர். நடந்ததைச் சொல்லவைத்தால் மனம் ஆறும் என்று அவர்களுட் சிலர் நம்பினர். "என்ன நடந்தது?" என்பதே செய்தியாளரான எங்களுக்கும் முதற் கேள்வி. அக்கேள்வியைக் கேட்டதும் பேச்சை மாற்றிய பிள்ளைகளையும், பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். அதுவும் ஒரு விடைதான். ஐக்கிய நாடுகள் முகவர் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையைத் தவிர்க்குமாறு கூறியது. சொல்ல விரும்புபவருக்குச் செவிகொடுக்க வேண்டும், விரும்பாதவரை வற்புறுத்தலாகாது.

தனிமனிதர் தாமாக மறப்பதும், மறக்கும்படி அரசு பணிப்பதும் ஒன்றல்ல. ஸ்பெயினில் பிராங்கோவின் மறைவுக்குப் பின், 1977 ஒக்டோபரில் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. பழையதைக் கிளறுவதில்லை என்ற உடன்பாடு நாட்டை அமைதியாக வைத்திருக்கும் என்று கருதப்பட்டது. ஆனால் 2000 ஆம் ஆண்டு முதல் பேரப்பிள்ளைகள் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கினர். 2007 இலும் 2022 இலும் நினைவுக்கெனச் சட்டங்கள் இயற்ற நேர்ந்தது.

எங்கள் மண்ணிலும் "பழையதை மறந்து முன்னோக்கிச் செல்லுங்கள்" என்ற அறிவுரை அடிக்கடி கேட்கிறது. பெயர்களையும் திகதிகளையும் ஆவணத்தில் காப்பது சமூகத்தின் கடமை. அக்கடமையை நாம் செய்தால்தான், கண்ணெதிரே தாயை இழந்த பிள்ளை அக்காட்சியை வாழ்நாள் சாட்சியாகச் சுமக்கவேண்டியிராது. அந்தப் பிள்ளைக்கு மறக்கும் உரிமை உண்டு. நமக்கு அது இல்லை.