செத்த காலேஜும் கரிசல் காடும்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அந்நகரத்து எளிய மக்கள் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்'. உயிர்க்காட்சிச் சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'உயிர் காலேஜ்'. பாடம் செய்யப்பட்ட புலி நிற்கும் இடம் முன்னது. உறுமும் புலி உலவும் இடம் பின்னது. இப்பெயர்களின் நகைச்சுவையைப் பலரும் பேசியிருக்கிறார்கள். ஆனால் இரண்டிலும் 'காலேஜ்' என்ற சொல் எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், அந்நிறுவனத்தின் வரலாறே விரிகிறது. கோவில்பட்டியில் இரவு வண்டியேறி விடியலில் எழும்பூர் நிலையத்தில் இறங்கும் எங்களூர்க்காரர்களுக்கு, நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் அந்த இயற்கை வரலாற்றுக் கூடங்கள் நம் கரிசல் நிலத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1851இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கத்தில், இன்று கல்லூரிச் சாலை எனப்படும் தெருவில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இருந்தது. கும்பினி அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கற்ற கல்லூரி அது. (நம் பதிப்பு வரலாற்றிலும் அகராதி வரலாற்றிலும் அக்கல்லூரிக்கு உள்ள இடம் தனியே எழுதத்தக்கது.) அங்கே காட்சிப் பொருள்களைக் காணச் சென்றவர்கள் 'காலேஜுக்குப் போகிறோம்' என்றார்கள். 1854இல் சேகரிப்பு முழுவதும் எழும்பூர் பாந்தியன் மாளிகைக்கு மாறியபோது, கல்லூரி பின்தங்கிவிட்டது. பெயர் மட்டும் மூட்டை முடிச்சுகளோடு கூடவே வந்துவிட்டது.

தொடக்கத்தில் அங்கிருந்தவை சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த 1,100 அளவிலான கனிமங்களும் பாறைகளுமே. ஓர் இலக்கியச் சங்கம் கற்களைச் சேர்த்து வைத்திருந்தது இன்றைக்கு வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்தில் 'இலக்கியம்' என்ற சொல்லின் எல்லை அவ்வளவு அகலமானது. கும்பினியின் அக்கறை என்னவோ வேறு: எந்த மலையில் எந்த உலோகம் கிடைக்கும், எந்தக் களிமண் எதற்கு உதவும் என்பதே.

அந்தக் கற்குவியலை மக்கள் வந்து பார்க்கும் இடமாக மாற்றியவர் எட்வர்டு பால்ஃபர் என்னும் அறுவை மருத்துவர். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் அவரே. உயிருள்ள புலிக்குட்டி ஒன்றும் சிறுத்தை ஒன்றும் வளாகத்துக்கு வந்து சேர, கூட்டம் பெருகியது. கர்நாடக நவாபின் விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855இல் அங்கேயே ஒரு விலங்குக் காட்சிச் சாலையை அமைத்தார். 1860களில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. உயிரும் உடலும் பிரிந்த கதைதான். உயிர் காலேஜ் தனியே நடந்தது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே தங்கியது.

பால்ஃபரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகம் தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1849இல், மரங்களுக்கும் மழைக்கும் நில ஈரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். காடழிந்தால் வறட்சி வரும், வறட்சி வந்தால் பஞ்சம் வரும் என்னும் கவலை அதில் இருந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் 1876-78இல் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அதே காலத்தில், வறண்ட நிலத்தில் விறகுக்கு உதவும் என்று, மாகாண வனத்துறை ஜமைக்காவிலிருந்து ஒரு மரத்தின் விதையை வரவழைத்தது. 1877இல் அது விதைக்கப்பட்டது. அதுவே சீமைக் கருவேலம். மரம் வேண்டும் என்ற நல்லெண்ணம் எந்த மரத்தைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை, கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் செல்லும் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தவர் எவரும் அறிவர்.

பின்னர் வந்த பொறுப்பாளர்களில் எட்கர் தர்ஸ்டன் (1885-1908) புகழ்பெற்றவர். நம் தூத்துக்குடிக் கடல் முத்து, சங்கு பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். பிறகு அவர் கவனம் மனிதர் மேல் திரும்பியது. மூக்கின் அகலம், தலையின் நீளம் என்று அளவெடுத்து, அருங்காட்சியகத்தையே அதற்குரிய ஆய்வுக்கூடம் ஆக்கினார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அவற்றின் தகவற் செழுமையை மறுப்பதற்கில்லை. ஆனால் காட்சி பார்க்க வந்தவனே காட்சிப் பொருளாகும் ஆபத்து அந்த அளவுகோலில் இருந்தது என்பதும் உண்மை.

எனக்கு மதிப்பு மிகுந்தவர் அவருக்குப் பின்னால் வந்த கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை பொறுப்பில் இருந்த விலங்கியலாளர். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் ஆழமற்ற நீரில் வாழும் உயிர்களைப் பற்றி 1927இல் அவர் காலத்தில் வெளிவந்த தொகுப்பு பெயர் பெற்றது. ஆயினும் கரிசல்காரனாகிய நான் போற்றுவது வேறொன்றை. தாவரப் பிரிவைச் சேர்ந்த மயூரநாதனோடு இணைந்து 1931இல் கள்ளிமுளையான் இனத்துச் செடிகளைப் பற்றி அவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, இலையற்ற, நான்கு பட்டைத் தண்டு கொண்ட சிறு செடி அது. புதரடியிலும் பாறை இடுக்கிலும் தலைநீட்டும். ஆடு மேய்ப்பவர்கள் ஒடித்துப் பச்சையாகவே தின்பார்கள்; துவையலும் அரைப்பார்கள். கடைக்குப் போகாத, வரி கட்டாத, ஏற்றுமதியாகாத ஒரு செடி. அரசுக்கு அதனால் காலணா வருவாய் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றின் முன்னே இரண்டு அறிஞர்கள் குனிந்து, இந்தியாவில் அதன் வகைகள் எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். வறண்ட நிலத்தை வெற்று நிலம் என்று நினையாதவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை எழும்பூருக்கே வந்தன. தாழிகளும் வெண்கலமும் தொல்லியலுக்கு உரியவை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மண்ணுக்கு வருவோம். கரிசலைக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் அது ஒரு கிண்ணம் கறுப்புத் தூள், அவ்வளவே. அதன் இயல்பு முழுவதும் அசைவில் இருக்கிறது. நனைந்தால் உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும்; கோடையில் கை நுழையும் வெடிப்புகளில் மேல்மண் உதிர்ந்து விழும்; அடுத்த மழையில் வெடிப்பு மூடி, உள்ளே விழுந்த மண் மேலே உந்தப்படும். தன்னைத் தானே உழுதுகொள்ளும் நிலம் என்பது இதனால்தான். நிறத்தைக் கண்டு மக்கு நிறைந்த மண் என்று எண்ணுபவர் உண்டு. உண்மையில் அதில் கரிமம் குறைவு. தக்காணத்தின் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது மராட்டியத்துக் கரிசலுக்குப் பொருந்தும். நம் பகுதிக் கரிசல், குறைந்த மழையில் நைஸ் முதலிய பழம்பாறைகள் சிதைந்து உருவானது. உலகம் முழுவதும் மண்ணியலார் வழங்கிய 'ரெகுர்' என்னும் பெயர் தெலுங்கின் 'ரேகடி'யிலிருந்து சென்றது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் எங்கள் ஊர்களில் அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்கு ஒரு கூடம் கிடைத்தது என்றால் அது கோவில்பட்டியில்தான். 1901இல் இங்கே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நோக்கம் பருத்தி. தூத்துக்குடித் துறைமுகம் வழியே 'டின்னவெல்லி' என்ற பெயரில் கப்பலேறிய பருத்தி, உப்பமும் கருங்கண்ணியும் கலந்தது. அதிலிருந்து கருங்கண்ணியைப் பிரித்துத் தேர்ந்து வளர்ப்பது நிலையத்தின் தொடக்கப் பணிகளுள் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் ஊரில், மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துக் காத்திருப்பது எப்போது, எவ்வளவு ஆழத்தில் என்பதையும் இங்கே ஆராய்ந்தார்கள். பயன் கருதித் தொடங்கிய நிறுவனம்தான். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணையும் மழையையும் விடாமல் கவனித்து வருவது அது ஒன்றே.

இரண்டு இடங்களிலும் சேராதவை சொற்கள். ஒரு புல்லுக்கு எழும்பூரில் இலத்தீன் பெயர் உண்டு. ஆராய்ச்சி நிலையத்தில் அது 'களை'. மேய்ச்சல்காரர் அதற்கு வழங்கிய பெயர் எங்கே பதிவாகும்? 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியை நான் இதற்காகவே அடிக்கடி எடுப்பேன். இடைசெவலில் இருந்துகொண்டு, மொழியியல் பட்டம் ஏதுமின்றி, கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. பால்ஃபரின் கற்களுக்கு அரசு மாளிகை கொடுத்தது, கி.ரா.வின் சொற்களுக்குக் கடிதம் எழுதிய நண்பர்கள்தாம் துணை.

முல்லைத்திணை நடத்தும்போது 'இரலை' என்ற சொல் வரும். முறுக்கிய கொம்புடைய ஆண் வெளிமான் என்று பொருள் சொல்வேன். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். அந்த மானுக்கு வேண்டியது அடர்காடன்று, திறந்த புல்வெளி. தரிசெல்லாம் சீமைக் கருவேலம் மூடியபின் அதற்கு ஓட இடமில்லை. இந்தியாவின் தென்கோடிக் கூட்டம் வல்லநாட்டுக் குன்றில் இருக்கிறது. 1987இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோவில்பட்டியிலிருந்து நெல்லை சென்று, தூத்துக்குடிப் பேருந்தில் ஏறினால் வல்லநாட்டில் இறங்கிக்கொள்ளலாம். சென்ற ஆண்டு வகுப்பில் இருந்த அறுபதுக்கு மேற்பட்டோரில் அங்கே மானைக் கண்டிருந்தவர் இருவர். இருவர் வீட்டிலும் ஆடு உண்டு.