தருமபுரி மாவட்டமும் பன்னாட்டுத் தந்த வணிகமும்

தந்த வணிகம் என்பது யானைகளின் தந்தங்களையும் அவற்றால் செய்யப்பட்ட பொருட்களையும் விற்பதும் வாங்குவதும் ஆகும். இயற்கை வரலாற்று மாதிரிகள், சேகரிப்போர் தேடும் அரும்பொருட்கள் ஆகியவற்றின் வணிகத்தில் மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இவ்வணிகத்தால் பெரிதும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் தருமபுரி மாவட்டத்தின் காவிரிக் கரைக் காடுகள் குறிப்பிடத்தக்கவை. இன்று இந்தியாவில் தந்த வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது.

தந்தத்தின் இயல்பு

தந்தம் என்பது யானையின் மேல்தாடை வெட்டுப்பல்லின் நீட்சி ஆகும். இது வாழ்நாள் முழுவதும் வளரும். இதன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டினுள் புதைந்திருப்பதால், உயிருள்ள யானையிடமிருந்து முழுத் தந்தத்தை எடுக்க இயலாது. ஆப்பிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. ஆசிய யானைகளில் ஆண்களுக்கு மட்டுமே நீண்ட தந்தம் வளரும். தந்தமற்ற ஆண் யானை மக்னா எனப்படும். எனவே ஆசியாவில் தந்த வேட்டை ஆண் யானைகளை மட்டுமே குறிவைக்கிறது.

வரலாறு

தென்னிந்தியத் தந்தம் பண்டைக் காலத்திலேயே கடல் கடந்து சென்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடற் பயண நூல், முசிறித் துறையிலிருந்து ஏற்றுமதியான பொருட்களில் தந்தத்தையும் குறிப்பிடுகிறது. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்றும், முசிறியிலிருந்து சென்ற கப்பலின் சரக்கில் தந்தம் இருந்ததைக் காட்டுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை பொழுதுபோக்காகவும் வளர்ந்தது. விலங்குகளின் தலை, தோல், தந்தம் ஆகியவை வேட்டை நினைவுப் பொருட்களாக மாளிகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் வைக்கப்பட்டன. யானைகள் குறைவதைக் கண்ட சென்னை மாகாண அரசு 1873 ஆம் ஆண்டு காட்டு யானைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

தருமபுரிக் காடுகள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பெப்ரவரி 9 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் தனியாகப் பிரியும் வரை ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளும் இதில் அடங்கியிருந்தன. ஆகையால் 2004 க்கு முந்தைய செய்திகளில் தருமபுரி மாவட்டம் எனக் குறிக்கப்படுவது இன்றைய இரு மாவட்டங்களையும் சேர்த்தே ஆகும்.

பென்னாகரம், ஒகேனக்கல் பகுதிக் காடுகள் காவிரிக்கு அப்பாலுள்ள கருநாடகக் காடுகளுடனும், அவற்றின் வழியாகச் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைகளுடனும் தொடர்புடையவை. யானைகள் நீரையும் தீவனத்தையும் தேடி இக்காடுகளிடையே இடம்பெயர்கின்றன. இரு மாநில எல்லையாக இருந்தமையால் வேட்டையாடுவோர் ஒரு மாநிலத்தில் குற்றம் செய்து மற்றொன்றில் ஒளிந்துகொள்வது எளிதாக இருந்தது.

வேட்டையும் அதன் விளைவுகளும்

1970களிலும் 1980களிலும் உலகச் சந்தையில் தந்தத்தின் தேவை பெருகியது. 1980களில் சப்பான் மிகப்பெரிய வாங்குநராக இருந்தது. அங்குக் கையொப்பத்திற்கு மாற்றாகப் பயன்படும் அங்கோ என்னும் முத்திரைகள் செய்யத் தந்தம் விரும்பப்பட்டது. இந்தியாவிலும் தில்லி, மைசூர், கேரளம் ஆகிய இடங்களில் தந்தச் செதுக்குத் தொழில் நடந்தது.

இக்காலத்தில் வீரப்பன் குழுவினர் காவிரிக் காடுகளில் முதலில் தந்தத்திற்காக யானைகளை வேட்டையாடினர். யானைகள் அரிதானதும் சந்தனமரக் கடத்தலில் ஈடுபட்டனர். கொல்லப்பட்ட யானைகளின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. காவலர், வனத்துறையினர், ஊர் மக்கள் எனப் பலரும் இக்குழுவால் உயிரிழந்தனர். 1993 ஏப்பிரல் 9 அன்று பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் இறந்தனர். 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே தமிழ்நாடு சிறப்பு அதிரடிப் படையினரால் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆண் யானைகளை மட்டும் கொல்வதால் மொத்த எண்ணிக்கை குறைவதற்கு முன்பே ஆண், பெண் விகிதம் குலைகிறது. யானையின் கருவுறு காலம் ஏறத்தாழ 22 மாதங்கள் ஆதலால் இழப்பு ஈடாகப் பல்லாண்டுகள் ஆகும். 1980களில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதியில் யானைகளை ஆராய்ந்த இராமன் சுகுமார், தந்த வேட்டையின் இவ்விளைவைப் பதிவு செய்துள்ளார். பெரிய தந்தமுடைய யானைகள் முதலில் கொல்லப்படுவதால், தந்தமற்ற ஆண்கள் எஞ்சி இனப்பெருக்கம் செய்யும் வாய்ப்பும் கூடுகிறது.

சட்டங்களும் உடன்படிக்கைகளும்

அருகிவரும் காட்டு விலங்குகள், தாவரங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கை (சைட்டிசு) 1975 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோதே ஆசிய யானை அதன் முதலாம் இணைப்பில் இருந்தது. இந்தியா 1976 ஆம் ஆண்டு இதில் இணைந்தது. 1977 ஆம் ஆண்டு யானை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இன் முதலாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது.

1986 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தைத் தடை செய்தது. ஆயினும் இறக்குமதி செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தந்தத்தை விற்க இசைவு இருந்தது. செதுக்கிய பின் இரண்டையும் கண்ணால் வேறுபடுத்துவது கடினம் என்பதால், திருட்டுத் தந்தம் சட்டப்படியான சரக்குடன் கலக்க வழி ஏற்பட்டது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. இதனை எதிர்த்து வணிகர்கள் தொடுத்த வழக்கில் 1997 ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

உலக அளவில், 1989 அக்டோபரில் லோசான் நகரில் கூடிய சைட்டிசு மாநாடு ஆப்பிரிக்க யானையையும் முதலாம் இணைப்பில் சேர்த்தது. இத்தடை 1990 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1999 ஆம் ஆண்டிலும் 2008 ஆம் ஆண்டிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளின் இருப்பிலிருந்து ஒருமுறை விற்பனைகள் அனுமதிக்கப்பட்டன. சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை 2017 ஆம் ஆண்டு இறுதியில் மூடியது.

பழம்பொருட்களும் புதைபடிவத் தந்தமும்

சுங்க வகைப்பாட்டில் செதுக்காத தந்தம் 0507, செதுக்கிய தந்தம் 9601, சேகரிப்பு மாதிரிகள் 9705, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருட்கள் 9706 எனத் தனித்தனித் தலைப்புகளில் வருகின்றன. பல நாடுகள் பழம்பொருட்களுக்கு விலக்கு அளிப்பதால், புதிய தந்தத்தைச் சாயமேற்றிப் பழையதாகக் காட்டும் மோசடி நடைபெறுகிறது. சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து எடுக்கப்படும் மாமூத் தந்தம் சைட்டிசு கட்டுப்பாட்டில் இல்லை. இதன் பெயரில் யானைத் தந்தம் விற்கப்படுவதும் உண்டு. தந்தத்தின் குறுக்குவெட்டில் தெரியும் சிரெகர் கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம். யானையில் இக்கோணம் விரிந்தும் மாமூத்தில் குறுகியும் இருக்கும். மரபணுச் சோதனை மூலம் தந்தம் எப்பகுதி யானையினுடையது என்பதையும் அறியலாம்.

தற்போதைய நிலை

2014 ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் அறிவிக்கப்பட்டன. இறந்த காட்டு யானையின் தந்தமும் அரசின் உடைமையே ஆகும். முதலாம் அட்டவணை விலங்குகளுக்கு எதிரான வேட்டைக் குற்றத்திற்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்சத் தண்டத்தை 25,000 ரூபாயாக உயர்த்தியது.

தமிழ்நாட்டின் யானைகள் 2017 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,761 ஆகவும், 2024 ஆம் ஆண்டில் 3,063 ஆகவும் மதிப்பிடப்பட்டன. எனினும் வேட்டை முற்றிலும் நின்றுவிடவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில் பென்னாகரம் வனப்பகுதியில் தந்தங்கள் அகற்றப்பட்டு எரிக்கப்பட்ட நிலையில் ஓர் ஆண் யானையின் உடல் கண்டெடுக்கப்பட்டது. வேட்டையைத் தவிர, வாழிடம் சுருங்குவதும் முறையற்ற மின்வேலிகளும் இப்பகுதி யானைகளுக்கு அச்சுறுத்தலாக உள்ளன. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன.

இவற்றையும் பார்க்க

ஆசிய யானை
ஒகேனக்கல்
வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972
மாமூத்