துப்பாக்கி உரிமம்: குடிமகனின் உரிமையா, அரசின் அனுமதியா?

புதுதில்லி: அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்துக்கொள்ளும் அடிப்படை உரிமை இந்திய அரசியலமைப்பில் வழங்கப்படவில்லை; சட்டம் அனுமதித்தால் மட்டுமே ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க முடியும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு ஜாமீன் வழக்கை 2023 பிப்ரவரியில் விசாரித்தபோது உச்சநீதிமன்றம் இந்த நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தியது. உரிமம் பெறாத துப்பாக்கிகளின் பெருக்கத்தை நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா ஆகியோர் அடங்கிய அமர்வு அப்போது தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

எனினும், துப்பாக்கி உரிமையாளர்களின் வாதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 'உரிமம்' என்பதற்கும் 'உரிமை' என்பதற்கும் தமிழில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. சட்டத்திலோ அந்த இடைவெளியை வைத்தே பல ஆண்டுகளாக வழக்குகள் நடந்து வருகின்றன.

கராச்சி தீர்மானமும் கைவிடப்பட்ட திருத்தமும்

பிரிட்டிஷ் அரசு 1878-இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இந்தப் பாகுபாடு விடுதலைப் போராட்டக் காலம் முழுவதும் ஓர் அவமதிப்பாகவே பார்க்கப்பட்டது. 1931-இல் கராச்சியில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

அந்தத் தீர்மானத்தை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆயுதம் வைத்திருப்பதை எல்லோருக்கும் உரிமையாக்கினால் குற்றப் பின்னணி உடையவர்களும் அதைக் கோர முடியும் என்ற அடிப்படையில் அம்பேத்கர் அதை எதிர்த்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. அரசியல் நிர்ணய சபை இதை மறந்துவிடவில்லை, விவாதித்தே கைவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் என்ன சொல்கிறது?

தற்போது நடைமுறையில் உள்ள 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உரிமமின்றி துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. காவல்துறையின் அறிக்கையைப் பெற்று, உரிமம் வழங்கும் அதிகாரி (பெரும்பாலும் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர்) முடிவெடுக்கிறார்.

உரிமையாளர்கள் அதிகம் சுட்டிக்காட்டுவது 13-ஆவது பிரிவைத்தான். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரண வேட்டைத் துப்பாக்கியைக் கேட்டாலும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்டாலும், மறுப்பதற்கான காரணம் இல்லாத நிலையில் அதிகாரி உரிமம் 'வழங்க வேண்டும்' என்கிறது அப்பிரிவு. கைத்துப்பாக்கி போன்ற மற்றவற்றுக்கு, தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரி நம்ப வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவு கூறுகிறது. மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. எனவே, கட்டுப்பாடே கூடாது என்பதல்ல உரிமையாளர்களின் முக்கியக் குறை. சட்டம் தந்திருக்கும் வழியைக்கூட அலுவலகங்கள் காலதாமதத்தால் அடைத்துவிடுகின்றன என்பதே.

தற்காப்புக்கு ஆயுதம் ஏந்துவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று 1993-இல் அலாகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கூறியது. ஆனால், அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பின்னர் அதை ஏற்கவில்லை.

பதிவேடும் போலி உரிமங்களும்

உள்துறை அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2016 இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. இதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். அடுத்த இடம் 3.69 லட்சம் உரிமங்களுடன் ஜம்மு-காஷ்மீருக்கு.

மாவட்ட அலுவலகங்களின் காகிதப் பதிவேடுகளில் சிதறிக் கிடந்த இவ்விவரங்களை ஒருங்கிணைக்கவே தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் உருவாக்கப்பட்டது. ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் கட்டாயமானது. எண் பெறாத உரிமம் செல்லாது என அறிவிக்கப்பட்டு, அதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

இத்தகைய பதிவின் தேவையை ஜம்மு-காஷ்மீர் முறைகேடு உணர்த்தியது. 2012 முதல் 2016 வரை அங்கு வழங்கப்பட்ட 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் தொடர்பாக சிபிஐ 2018-இல் வழக்குப் பதிவு செய்தது. தகுதியற்றவர்களுக்கும் வெளிமாநிலத்தவர்களுக்கும் பணம் பெற்றுக்கொண்டு உரிமம் அளிக்கப்பட்டதாகப் புகார். கைதானவர்களில் ஐஏஎஸ் அதிகாரிகளும் அடங்குவர். உரிமையாளரைக் கண்காணிக்கும் பதிவேடு, உரிமம் அளிப்பவரையும் கண்காணிக்க வேண்டியிருந்தது.

மூன்றிலிருந்து இரண்டு

ஒருவர் அதிகபட்சம் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்ற வரம்பு 1983-இல் விதிக்கப்பட்டது. அதை ஒன்றாகக் குறைக்க 2019-இல் மத்திய அரசு மசோதா கொண்டுவந்தது. அப்போதைய பஞ்சாப் முதல்வர் அமரீந்தர் சிங் உள்ளிட்டோர் எதிர்ப்பு தெரிவித்த நிலையில், வரம்பு இரண்டாக மாற்றப்பட்டு டிசம்பரில் மசோதா நிறைவேறியது. பரம்பரைச் சொத்தாக வந்த துப்பாக்கிகளும் இந்தக் கணக்கில் சேரும். பாட்டனாரின் இரட்டைக் குழல் துப்பாக்கி சுடாவிட்டாலும் அது ஒன்றுதான். மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு.

உரிமத்தின் செல்லுபடிக் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. திருமணம் போன்ற விழாக்களில் பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் சுடுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளால் நடப்பதைக் காட்டி, சட்டத்தை மதித்துப் பதிவு செய்தவர்கள் மீதே சுமை ஏற்றப்படுவதாக உரிமையாளர் அமைப்புகள் கூறுகின்றன. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதேவேளையில், விழாக்களில் பாயும் தோட்டாக்கள் உரிமம் பெற்ற துப்பாக்கியிலிருந்தும் வருகின்றன.

தேர்தல் வந்தால் ஒப்படைப்பு

தேர்தல் அறிவிப்பு வெளியானதும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு உரிமதாரர்களுக்கு உத்தரவு வருவது வழக்கம். வயலோரத்தில் தனித்து வாழ்பவருக்கும் நகைக்கடை நடத்துபவருக்கும் இது பல வாரப் பாதுகாப்புக் கேள்வி. யாரிடம் ஆயுதத்தைப் பெற வேண்டும் என்பதை மாவட்டப் பரிசீலனைக் குழு தனித்தனியாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். பொத்தாம் பொதுவாக அனைவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என 2024 மார்ச்சில் அலாகாபாத் உயர்நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது.

குடகுக்கு மட்டும் விலக்கு

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர் சமூகத்தினரும் 'ஜம்மா' நில உரிமையாளர்களும் உரிமம் இல்லாமலேயே துப்பாக்கி வைத்திருக்கலாம். பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடரும் சலுகை இது. கைல் முகூர்த்தம் என்ற திருவிழாவில் கொடவர்கள் துப்பாக்கிகளை வைத்து வழிபடுகின்றனர். சாதி அடிப்படையிலான இச்சலுகை சமத்துவத்துக்கு எதிரானது எனத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மத்திய அரசின் அறிவிக்கைப்படி, இந்த விலக்கு 2029 அக்டோபர் 31 வரை நீடிக்கும்.