பல்லுக்கு மார்க் போட்டது யார்?

இந்த எபிசோட் ஒரு ஃப்ரேம்ல இருந்து ஆரம்பிச்சது. போன மாசம்தான் நம்ம பாட்காஸ்ட்டை வீடியோவாவும் எடுக்க ஆரம்பிச்சேன். எடிட் பண்ணும்போது ஒரு இடத்துல நிறுத்தினேன். ஸ்க்ரீன்ல நான் சிரிச்சிட்டு இருக்கேன். பல் மஞ்சளா இருக்கு. பத்து வருஷமா தினமும் கண்ணாடியில பார்க்கிற அதே பல்தான், ஆனா அன்னைக்குத்தான் அது ஒரு பக் மாதிரி தெரிஞ்சது.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். ஊர் விழிதியூர், காரைக்கால் பக்கம். டவுன்ல ஒரு பல் டாக்டரைப் பார்த்து, "மேடம், வொயிட்டனிங் பண்ணணும்"னு சொன்னேன். அவங்க ஒரு சின்னப் பட்டையை எடுத்தாங்க. அதுல வரிசையா 16 போலிப் பற்கள், ஒவ்வொண்ணுக்கும் கீழே ஏ1, பி2, சி4ன்னு ஒரு பேர். ஒவ்வொண்ணா என் பல்லுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, "ஏ3, தம்பி"ன்னாங்க.

"அது எத்தனைக்கு எத்தனை மேடம்?"னு கேட்டேன்.

"இது மார்க் இல்ல தம்பி. கலரோட பேரு."

அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க, ஆனா எனக்கு அது மண்டையை விட்டுப் போகலை. கலரோட பேர் எப்போ மார்க் ஆச்சு? இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்விதான்.

முதல்ல ஒண்ணு. வெள்ளைப் பல் ஆசையை வெள்ளைக்காரன்தான் நமக்குக் கொண்டுவந்தான்னு ஒரு ஈஸி கதை இருக்கு. அது சரியில்லை. பெண்ணோட பல்லை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிடுறது சங்க காலத்திலேயே இருக்கிற பழக்கம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு நல்லதுன்னு நம்ம பழமொழியே சொல்லும்.

ஆனா எங்க ஊர்லயே இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. காரைக்கால் அம்மையார். ஆனி பௌர்ணமியை ஒட்டி நடக்கிற மாங்கனித் திருவிழாவுக்குப் போனவங்களுக்குத் தெரியும், பிச்சாண்டவர் ஊர்வலம் வர்றப்போ மாடியில இருந்தெல்லாம் மாம்பழம் பறக்கும். அந்தத் திருவிழாவோட நாயகி, தன் அழகு வேண்டாம்னு இறைவன்கிட்ட கேட்டுப் பேய் உருவம் வாங்கினவங்க. திருவாலங்காட்டைப் பத்தி அவங்க பாடின மூத்த திருப்பதிகத்துல ஒரு பெண்பேய் வருது. வற்றின உடம்பு, குழிஞ்ச வயிறு, நீண்ட ரெண்டு பல். கூடவே, வெண்மையான பல். அதாவது காரைக்கால் இலக்கியத்துல ரொம்பப் பிரபலமான வெள்ளைப் பல் ஒரு பேயோட வாயில இருக்கு.

வெள்ளை அழகாவும் இருக்கலாம், பயமாவும் இருக்கலாம். அது யார் வாயில இருக்குங்கறதைப் பொறுத்தது. இதுல இருந்து கடல் தாண்டி ஒரு இடத்துக்குப் போவோம்.

எங்க அப்பாயியோட அப்பா சைகோன்ல கணக்கு எழுதினவர். காரைக்கால்ல இது அதிசயம் இல்லை. 1739-ல தஞ்சாவூர் மராட்டிய அரசர்கிட்ட இருந்து பிரெஞ்சுக்காரங்க வாங்கின ஊர் இது. அவங்களே 1859-ல சைகோனைப் பிடிச்சாங்க. அப்புறம் புதுச்சேரியில இருந்தும் காரைக்கால்ல இருந்தும் சிப்பாய், போலீஸ், வரி வசூல், குமாஸ்தா வேலைன்னு நிறையத் தமிழர்கள் அங்கே போனாங்க. இன்னைக்கும் சைகோன்ல மாரியம்மன் கோயில் இருக்கு.

அப்பாயி சொல்லும்: "எங்கப்பா சொல்லுவாரு, அந்த ஊரு பொம்பளைங்களுக்குப் பல்லு கருகருன்னு, எண்ணெய் தடவுன கல்லாட்டம் மின்னுமாம்." சின்ன வயசுல நான் இதைக் கதைன்னுதான் நினைச்சேன். நிஜம். வியட்நாம்ல பல்லைக் கறுப்பாக்கிக்கிறது பல நூற்றாண்டுப் பழக்கம். அரக்குப் பிசினைத் தடவி, அப்புறம் இரும்பு உப்பு கலந்த சாயம் ஏத்தி, பல நாள் கஷ்டப்பட்டுப் பண்ணிக்குவாங்க. ஏன்னா அவங்க பார்வையில நீளமான வெள்ளைப் பல் மிருகத்துக்கும் பேய்க்கும் உரியது. அம்மையாரோட பேய் ஞாபகம் வருதா?

ஜப்பான்லயும் இதே பழக்கம் இருந்தது. 1870-ல மேட்டுக்குடியினர் பல்லைக் கறுப்பாக்கக் கூடாதுன்னு அரசே தடை போட்டது. 1873-ல பேரரசியே வெள்ளைப் பல்லோட வெளியே வந்தாங்க. வியட்நாம்ல தடை தேவைப்படலை. 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பிரெஞ்சுப் பள்ளியில படிச்ச நகரத்து இளசுகள் தாங்களாவே நிறுத்திட்டாங்க. அம்மாவுக்குக் கறுப்புப் பல், மகளுக்கு வெள்ளைப் பல். ஒரே வீட்ல, ஒரே தலைமுறை இடைவெளியில, அழகுங்கறது தலைகீழா மாறிடுச்சு.

அந்த பிரான்ஸ்லயே வெள்ளைச் சிரிப்பு எப்போ வந்ததுன்னு தேடினா, அதுவும் ரொம்பப் பழசு இல்லை. பதினாலாம் லூயிக்கு வயசான காலத்துல மேல்வாய்ப் பல் போயிடுச்சு. 1701-ல வரைஞ்ச அவரோட பிரபல ஓவியத்துல கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறதைப் பார்க்கலாம். ராஜாவுக்கே பல் இல்லாத அரண்மனையில வாயை மூடிச் சிரிக்கிறதுதான் நாகரிகம். 1728-ல பியர் ஃபோஷார்ங்கற மருத்துவர் பல் மருத்துவத்துக்குன்னே ஒரு பெரிய நூல் எழுதினார். நவீன பல் மருத்துவத்தின் தந்தைன்னு அவரைத்தான் சொல்றாங்க. 1787-ல விஜே லெ ப்ரன்ங்கற பெண் ஓவியர், மகளைக் கட்டிக்கிட்டு லேசா வாய் திறந்து சிரிக்கிற மாதிரி தன்னையே வரைஞ்சு பாரீஸ் கண்காட்சியில வெச்சாங்க. பல் தெரியுதுன்னு ஊரே பேசுச்சு.

1818-ல லூயி ழாக் தெனார்ங்கற பிரெஞ்சு வேதியியலாளர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடிச்சார். இன்னைக்குப் பல் கிளினிக்ல எந்த வொயிட்டனிங் எடுத்தாலும் பெரும்பாலும் உள்ளே வேலை செய்யறது இந்த ஒரே மாலிக்யூல்தான். இது எனாமலைத் தாண்டி உள்ளே இருக்கிற டென்டின் வரைக்கும் போய், நிறம் தர்ற பெரிய மூலக்கூறுகளை உடைக்குது. 19-ம் நூற்றாண்டுக் கடைசியிலேயே பல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. வீட்டுல பண்ற முறை வந்தது ஒரு ஆக்ஸிடென்ட். 1960-கள்ல அமெரிக்காவின் அர்கன்சால ஒரு பல் சீரமைப்பு மருத்துவர், ஈறு வீக்கத்துக்காக கார்பமைடு பெராக்சைடு மருந்தை ராத்திரி வாயில போடற ட்ரேல விட்டுக்கச் சொன்னார். ஈறு ஆறிச்சு, கூடவே பல்லும் வெளுத்துச்சு. 1989-ல ஹேவுட், ஹேமன்ங்கற ரெண்டு பேர் இதை முறையா ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. சைடு எஃபெக்டே ஃபீச்சர் ஆன கதை.

இப்போ அந்த 16 பல் பட்டைக்கு வருவோம். வீட்டாங்கற ஜெர்மன் கம்பெனியோட ஷேடு கைடு அது. அது எதுக்கு வந்ததுன்னா, போலிப் பல் கட்டும்போது பக்கத்துப் பல்லோட நிறத்துக்குப் பொருத்தம் பார்க்க. ஏ-ன்னா செம்பழுப்பு, பி-ன்னா செம்மஞ்சள், சி-ன்னா சாம்பல், டி-ன்னா செஞ்சாம்பல். எங்க பாஷையில சொன்னா அது ஒரு லுக்கப் டேபிள். ஏ-வை விட டி மட்டம்னு அர்த்தமே கிடையாது. வொயிட்டனிங் வந்ததும் அதே 16 பல்லைக் கழட்டி, பளிச்சுன்னு இருக்கிறதுல இருந்து மங்கலா இருக்கிறது வரைக்கும் வரிசையா அடுக்கிட்டாங்க. முதல்ல பி1, கடைசியில சி4. லுக்கப் டேபிள் லீடர்போர்டு ஆயிடுச்சு. அப்புறம் பி1-ஐயும் தாண்டி, இயற்கைப் பல்லுல சாதாரணமாப் பார்க்க முடியாத வெண்மைக்கும் தனியா ஒரு கைடு வந்தது. வெள்ளைப் பல் ஆசை பழசு மக்களே. அளவுகோல்தான் புதுசு.

நிறத்துக்கு மார்க் போட்டா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுலயே உதாரணம் இருக்கு. 1937-ல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டோட ஷார்ட்டும் அவரோட சகாக்களும், அப்போ மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர்ப் பக்கம் ஃப்ளோரைடு அதிகமான தண்ணீரால மக்களுக்கு வர்ற பாதிப்பைப் பதிவு பண்ணாங்க. தருமபுரி, கிருஷ்ணகிரியிலயும் இதே பிரச்சினை. அதுக்குத் தீர்வாத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல தொடங்கி வெச்சாங்க. சின்ன வயசுல அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவங்க பல்லுல பழுப்புத் திட்டு இருக்கும். எத்தனை தடவை தேய்ச்சாலும் போகாது. அவங்களைப் பார்த்து "பல்லே தேய்க்க மாட்டாங்க போல"ன்னு சொல்றவன், தண்ணிக்குப் போட வேண்டிய மார்க்கை மனுஷனுக்குப் போடறான்.

சரி, என் ஏ3 என்ன ஆச்சு? டாக்டர் மூணு வழி சொன்னாங்க. ஒண்ணு, ஸ்கேலிங். காறையையும் டீ, காபி, வெத்தலைக் கறையையும் எடுக்கும், பல்லோட சொந்த நிறத்தை மாத்தாது. ரெண்டு, வாய்க்கு அளவெடுத்த ட்ரேல 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. அது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். ரெண்டு மூணு வாரம் ராத்திரி போட்டுக்கணும். மூணு, கிளினிக்லயே ஈறை மூடிட்டு 25-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் வைக்கிறது. ஒரே நாள்ல முடியும், கூச்சம் அதிகம். "அந்த நீல லைட்டு மேடம்?"னு கேட்டேன். "லைட்டால பெருசா வித்தியாசம் வர்றதாத் தெரியலை தம்பி, மருந்துதான் வேலை செய்யுது"ன்னாங்க. அடைச்ச பல்லும் கேப் போட்ட பல்லும் வெளுக்காது. வெளுத்ததும் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப மங்கும். சொத்தை இருந்தா முதல்ல அதைப் பார்க்கணும். ஐரோப்பாவுல 2012-ல இருந்து 0.1 சதவீதத்துக்கு மேல போனாலே பல் மருத்துவர் வழியாத்தான் தர முடியும், உச்சவரம்பு 6 சதவீதம், 18 வயசுக்குக் கீழே கிடையாது. வாங்கிட்டு வந்த கரித்தூளைப் போட்டுத் தேய்க்கிற நண்பர்களுக்கு: அது எனாமலைத் தேய்ச்சா உள்ளே இருக்கிற மஞ்சள் டென்டின் இன்னும் நல்லாத் தெரியும். அவ்வளவுதான்.

நான் ஸ்கேலிங் பண்ணிக்கிட்டேன். அப்புறம் ட்ரேயும் வாங்கினேன். ஆமா, இவ்வளவு வரலாறு தெரிஞ்சும்தான். ரெண்டு வாரம் போட்டேன், ரெண்டு நாள் ஐஸ் வாட்டர் குடிக்க முடியலை, கொஞ்சம் வெளுத்துச்சு. ஆசைப்பட்டது தப்புன்னு நான் நினைக்கலை. ஃபெயில் ஆயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு அந்த கிளினிக்குள்ள போனேனே, அதுதான் தப்பு.

அப்பாயிகிட்ட போய்க் காட்டினேன். வெத்தலை இடிச்சுக்கிட்டே பார்த்துட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆஸ்பத்திரி சுவரு மாதிரி"ன்னுச்சு. சரி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு போனைத் தூக்கினேன். டக்குன்னு கை வாய்க்குப் போயிடுச்சு. எங்க வீட்டு ஆல்பத்துல இருக்கிற எல்லா போட்டோவுலயும் அப்பாயி இப்படித்தான் இருக்கும்னு அப்போதான் உறைச்சுது. அது வெக்கம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன்.

சைகோன்ல கறுப்புப் பல்லைப் பெருமையாக் காட்டின பொம்பளைங்க கதையைச் சொன்ன அதே வாய். கல்யாணத்துல தாம்பூலம் வாங்கிப் போட்டுச் சிவந்த வாய். அதுக்கு யார் எப்போ மார்க் குறைச்சாங்கன்னு நான் கேட்கலை. "கையை எடு அப்பாயி"ன்னு மட்டும் சொன்னேன்.

"போடா"ன்னுச்சு. ஆனா சிரிச்சிருச்சு. மூணு போட்டோ எடுத்தேன். ஒண்ணுல கை இல்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.