பதினாறு முழம்

மழை வருமா என்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கம் உலகத்தில் எல்லாத் தேசத்துக் குடியானவர்களுக்கும் உண்டு. எகிப்து தேசத்துக் குடியானவன் மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டும் பிரயோஜனமில்லை. கெய்ரோ நகரில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையைச் சேர்த்து அளந்தால் ஓர் அங்குலம் தேறினால் அதிகம். அவன் பார்த்ததெல்லாம் ஆற்றைத்தான். அந்த ஆறும் விசித்திரமான ஆறு. கொளுத்துகிற கோடையில், மேகத்தின் சாயலே இல்லாத வானத்தின் கீழ், கரை புரண்டு வரும். மழையில்லாத நாட்டில் இந்த வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் மண்டையை உடைத்துக்கொண்டார்.

காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இராது. ஆடி மாதத்தில் தஞ்சாவூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் புதுப்புனல் வருகிறதல்லவா? குடகில் பெய்த மழை இங்கே பெருக்காக வருகிறது. ஏறக்குறைய அதே மாதங்களில் எத்தியோப்பிய மலைகளில் மழை கொட்டுகிறது. அதை நீல நைல் என்ற கிளைநதி சுமந்துகொண்டு இறங்குகிறது. எகிப்துக்கு வரும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இந்த மலைகளின் உபயம். நம் தென்மேற்குப் பருவமழையும் அந்த மலைகளின் மழையும் தாயாதிகள் என்றே சொல்லலாம். ஒரு வீட்டில் கேடு வந்தால் பல சமயம் மற்ற வீட்டிலும் வந்திருக்கிறது. இந்த உறவைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கெய்ரோவில் நைல் நதியின் நடுவே ரோதா என்று ஒரு தீவு. அதன் தென்கோடியில் ஒரு கிணறு இருக்கிறது. கல்லால் கட்டிய ஆழமான கிணறு. உள்சுவரை ஒட்டிப் படிக்கட்டு. நடுவில் எண்கோண வடிவில் ஒரு சலவைக்கல் தூண். அந்தத் தூணில் முழம் முழமாகக் கோடு வெட்டி, முழத்துக்குள் விரற்கடைகளையும் குறித்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து மூன்று சுரங்கக் கால்வாய்கள் மூன்று மட்டங்களில் கிணற்றுக்குள் திறக்கின்றன. ஆறு ஏறினால் கிணறும் ஏறும். கி.பி. 861-ல் பாக்தாத் கலீபா முத்தவக்கில் கட்டுவித்தது இது. மிக்யாஸ், அதாவது அளவுகோல், என்று பெயர். அதற்கு முன்னும் அதே தீவில் ஓர் அளவுகோல் இருந்தது. அதற்கும் முன்னால் பாரோ மன்னர்கள் காலத்துக் கோவில்களில் இத்தகைய படிக்கட்டுகள் இருந்தன.

பதினாறு முழம் என்பது அங்கே மந்திரம் போன்ற ஒரு கணக்கு. தண்ணீர் பதினாறைத் தொட்டுவிட்டால் வயல்களெல்லாம் நனையும், அரசாங்கம் முழு வரி வாங்கலாம். தொடாவிட்டால் வரி கேட்க வாய் வராது. பன்னிரண்டிலேயே நின்றுவிட்டால் பஞ்சம். பதினெட்டுக்கு மேல் போனாலும் கஷ்டந்தான், ஊர்கள் மூழ்கும். ரோமாபுரியின் வாடிகன் காட்சிசாலையில் நைல் நதியை ஒரு தாடிக்காரக் கிழவனாகச் செதுக்கிய பழைய சிலை ஒன்று உண்டு. அந்தக் கிழவன்மேல் ஏறி விளையாடும் குழந்தைகள் பதினாறு. ஒரு முழத்துக்கு ஒரு குழந்தை!

மிக்யாஸைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அபுர் ரத்தாத் என்பவரின் சந்ததியிடம் பல நூற்றாண்டுகள் பரம்பரையாக இருந்தது. வெள்ளக் காலத்தில் தினமும் அளந்து, இன்றைக்கு இத்தனை விரற்கடை ஏறியது என்று தெருத் தெருவாகக் கூவி அறிவிக்க ஆட்கள் இருந்தார்கள். இதில்தான் ஒரு வேடிக்கை. ஆறு ஏறவில்லை என்று ஒரு நாள் தெரிந்தால் போதும், தானிய வியாபாரிகள் கடையைச் சாத்திவிடுவார்கள். கையில் காசிருப்பவன் மூட்டை மூட்டையாக வாங்கி உள்ளே போடுவான். ஆறு இன்னும் குறையக்கூட இல்லை; விலை ஏறிவிடும். பாத்திமா வம்சத்துக் கலீபா முயிஸ் என்பவர், பத்தாம் நூற்றாண்டின் பின்பகுதியில் எகிப்தைப் பிடித்தவர், இதற்கு ஒரு வழி கண்டார். பதினாறு முழம் நிறைகிற வரையில் அளவை யாருக்கும் சொல்லக் கூடாது. தமக்கும் தம் தளபதிக்கும் மட்டுமே தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஜனங்களிடம் உண்மையை மறைப்பது தவறு என்று இன்றைக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் பதுக்கல்காரர்களைப் பார்த்திருக்கிற நமக்கு, அந்தக் கலீபாவைக் கடிந்துகொள்ள அவ்வளவு சுலபமாக மனம் வருவதில்லை.

அவருடைய வம்சத்தையே ஆறு பழிவாங்கியது. 1065 முதல் 1072 வரை, ஏழு வருஷம், வெள்ளம் மறுபடியும் மறுபடியும் மோசம் செய்தது. போதாக்குறைக்குப் பட்டாளத்தார் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். முஸ்தன்சிர் என்ற கலீபா தம் முன்னோர் சேர்த்த ரத்தினங்களையும் புத்தகங்களையும் சம்பளப் பாக்கிக்காக இழந்தார். நம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் வீரராஜேந்திரன் ஆண்ட காலம் அது.

இன்னொரு கொடுமை 1200-ல். அந்த வருஷம் தண்ணீர் பதின்மூன்று முழத்தைக்கூட எட்டவில்லை. பாக்தாத்திலிருந்து வந்து கெய்ரோவில் தங்கியிருந்த அப்துல் லத்தீப் என்ற வைத்தியர் தாம் கண்டதையெல்லாம் எழுதிவைத்தார். மனிதர் மனிதரைத் தின்ற செய்திகளை விவரமாகவே எழுதியிருக்கிறார். அவற்றை இங்கே எடுத்தெழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊருக்கு வெளியே குவிந்து கிடந்த எலும்புகளை அந்த வைத்தியர் போய்ப் பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று கிரேக்க மேதை காலன் எழுதியிருந்தார். ஆயிரம் வருஷமாக எல்லாரும் அதை நம்பினார்கள். மண்டை ஓடு மண்டை ஓடாகப் புரட்டிப் பார்த்து, அது ஒரே எலும்புதான் என்று அப்துல் லத்தீப் கண்டார். வைத்திய சாஸ்திரத்துக்கு அந்தப் பஞ்சம் கொடுத்த தானம் இது.

மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201-ம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று திருப்பாம்புரத்தில் இருக்கிறது. காலம் கெட்டு நெல் விலை ஏறிப்போனதால், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குக் கோவிலுக்கு அடிமையாகத் தங்களை விற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. இரண்டு கரையிலும் ஒரே காற்று பொய்த்ததா? ஒரு கல்வெட்டை வைத்துக்கொண்டு அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

1877-ல் சந்தேகத்துக்கே இடமில்லை. சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கில் உயிர் குடித்த சமயம், நைல் வெள்ளமும் படுமோசமாகக் குறைந்தது. அடுத்த வருஷம் மேல் எகிப்தில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். பசிபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பாதி வழக்கத்துக்கு மேல் சூடேறியதே இரண்டுக்கும் மூலம் என்று இப்போது தெரிகிறது. எல் நினோ என்று பெயர் சொல்கிறார்கள். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடியபோது உலகமெங்கும் உள்ள புள்ளிகளைக் கோத்துப் பார்த்தார். அதில் நைல் வெள்ளமும் ஒன்று.

சில சமயம் காரணம் வடக்கேயும் இருந்திருக்கிறது. 1783-ல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை பல மாதம் கக்கிய புகை வட பூமியைக் குளிர வைத்தது; அதனால் பருவக்காற்று தளர்ந்தது; அந்த வருஷமும் மறுவருஷமும் நைல் குறைந்து எகிப்தில் பஞ்சம் வந்தது.

இவையெல்லாம் சில வருஷ விஷயங்கள். இன்னும் பின்னே போனால் தலை சுற்றும். எகிப்தின் தென்மேற்கு மூலையில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலைவனத்தில், 1933-ல் அல்மாஷி என்ற ஹங்கேரிய யாத்திரிகர் ஒரு குகையைக் கண்டார். அதன் சுவரில் மனிதர்கள் நீந்துகிற மாதிரி சித்திரங்கள்! சுமார் பதினோராயிரம் வருஷங்களுக்கு முன் தொடங்கி ஐயாயிரம் வருஷங்களுக்கு முன் வரை சஹாராவில் புல்லும் ஏரியும் இருந்தன. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. அந்த ஆட்டத்தில் வடபூமிக்குக் கோடை வெயில் அதிகம் கிடைத்த காலம் அது. பருவமழையும் வடக்கே நெடுந்தூரம் ஏறிப் பெய்தது. வெயில் குறையக் குறைய மழை தெற்கே பின்வாங்கியது. மேய்ச்சல் காய்ந்துபோக, ஜனங்களில் பலர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பிரமிடு கட்டிய நாகரிகத்துக்கு அந்த வறட்சியும் ஒரு செவிலித்தாய்.

இப்போது ஹர்ஸ்ட் என்பவரிடம் வருகிறேன். இந்த ஆங்கிலேயர் 1906-ல் எகிப்துக்கு வந்தார். நைல் நதியோடு அறுபது வருஷத்துக்கு மேல் உறவு வைத்திருந்தார். ‘நைலின் தகப்பன்’ என்று அங்கே பட்டப்பெயர். எவ்வளவு பெரிய அணை கட்டினால் நல்ல வருஷத்துத் தண்ணீரைக் கெட்ட வருஷத்துக்குச் சேர்த்து வைக்கலாம் என்பதே அவருடைய கவலை. அவருக்கு உதவியது ரோதாக் கிணறு. கி.பி. 622 முதல் 1284 வரை 663 வருஷங்களின் நீர்மட்டம் அரபுச் சரித்திரக்காரர்களின் ஏடுகளில் கிடைத்தது. உலகத்தில் வேறு எந்த ஆற்றுக்கும் இப்படி ஒரு ஜாதகம் கிடையாது.

நாணயத்தைச் சுண்டிப் போட்டால் பூவும் தலையும் எந்த ஒழுங்குமின்றி விழும். நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் அப்படித்தான் வரும் என்று எஞ்சினீயர்கள் எண்ணி, அதற்குத் தக்க அளவில் அணைக்குக் கணக்குப் போட்டார்கள். ஹர்ஸ்ட் பார்த்ததில் அப்படி இல்லை. கெட்ட வருஷத்துக்குப் பக்கத்தில் கெட்ட வருஷம் வந்து உட்காருகிறது. நல்ல வருஷங்களும் கூட்டமாகவே வருகின்றன. மரத்தின் வளையங்கள், ஏரிச் சேற்றின் படிவங்கள், மழைக் குறிப்புகள் என்று எதைப் புரட்டினாலும் இதே கதை. ஆகவே கணக்கில் வருவதைவிடப் பெரிய தேக்கம் வேண்டும். 1951-ல் இதை வெளியிட்டார். 1968-ல் கணித மேதை மாண்டல்பிராட் இதற்கு ‘யோசேப்பு விளைவு’ என்று பெயரிட்டார். பாரோவின் கனவில் ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் கண்டு அர்த்தம் சொன்ன அதே யோசேப்புதான்.

சராசரி என்பதும் எவ்வளவு ஏமாற்றும் பாருங்கள். 1870 முதல் 1899 வரை அஸ்வானில் ஓடிய தண்ணீர் வருஷத்துக்குச் சராசரி சுமார் 11,000 கோடி கனமீட்டர். அதற்குப் பிறகு வந்த அறுபது வருஷத்தில் அது சுமார் 8,400 கோடிக்கு இறங்கியது. யாரும் ஆற்றைத் திருடிவிடவில்லை, மழைதான் மாறியது. 1959-ல் எகிப்தும் சூடானும் ஆற்றைப் பங்கு போட்டுக்கொண்டபோது இந்த 8,400 கோடியையே கையில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆற்றுக்குப் பெரும்பங்கு கொடுக்கும் எத்தியோப்பியாவை அந்தப் பந்தியில் உட்காரச் சொல்லவே இல்லை.

1960-ல் தொடங்கி 1970-ல் முடிந்த அஸ்வான் உயர் அணை சுமார் 16,000 கோடி கனமீட்டர் பிடிக்கும். கிட்டத்தட்ட இரண்டு வருஷத்து ஆறு! இவ்வளவு பெரிது எதற்கு என்று கேட்டவர்களுக்கு 1980-களில் பதில் கிடைத்தது. 1979-க்குப் பின் வருஷா வருஷம் வெள்ளம் குறைந்துகொண்டே போயிற்று. எத்தியோப்பியாவில் 1984-ன் பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். எகிப்தில் அணைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். 1988 ஜூலையில் மின்சார யந்திரங்களை நிறுத்த வேண்டிய மட்டத்தை நீர் நெருங்கிவிட்டது. ஆகஸ்டில் பேய்மழை பெய்து கார்ட்டூம் நகரமே மிதந்தது, அணை பிழைத்தது.

கெய்ரோவுக்கு வெள்ளம் வருவது 1960-களோடு நின்றுவிட்டது. மிக்யாஸின் சுரங்க வாய்களை அடைத்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் தண்ணீரில்லாத கிணற்றில் படியிறங்கிப் போய்த் தூணைத் தொட்டுப் பார்க்கலாம்.

மேலே எத்தியோப்பியாவில் நீல நைலின் குறுக்கே 2011-ல் ஒரு பெரிய அணை தொடங்கினார்கள். 7,400 கோடி கனமீட்டர் பிடிக்கிற அணை. 2020-ல் மூன்று தேசத்தாரும் உட்கார்ந்து பேசினார்கள். பல விஷயங்களில் இணங்கியும் வந்தார்கள். பல வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தால் மேல் அணை எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்ற இடத்தில் பேச்சு முட்டிக்கொண்டது. 2025 செப்டம்பரில் அணையின் திறப்பு விழா நடந்தது. உடன்படிக்கையில் அன்றைய தேதி வரை யாரும் கையெழுத்திடவில்லை.