ஜேபெக் பிறந்த கதை

அந்தமானின் ஜங்லிகாட் படகுத்துறையில் இறங்கும் சூரை மீனைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால், இன்று அது கடலடிக் கம்பி வழியே சென்னை போகிறது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் அந்தமானுக்கு வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோள் மூலம்தான். மெதுவானது, செலவும் அதிகம். அந்த ஒடுங்கிய பாதையிலும் படங்கள் போய்ச் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் ஜேபெக் என்னும் படச் சுருக்க வடிவம்.

அதன் உயிர்நாடியான கணக்கைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், கொசைன் அலைகளைக் கொண்டு படத்தைச் சுருக்கும் ஆய்வுக்காக 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்றார் மதிப்பீட்டாளர் ஒருவர். கோடைக்கால வருமானம் போனாலும் போகட்டும் என்று அகமது வேலையில் இறங்கினார். மாணவர் டி. நடராஜனும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நண்பர் கே. ஆர். ராவும் சேர்ந்துகொண்டார்கள். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. எளிமையைக் குறையாகக் கண்ட அந்த மதிப்பீட்டை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அந்தக் கணக்கை அடித்தளமாக வைத்து 1992-இல் ஜேபெக் ஒரு தரநிலையாக வந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் மெல்ல மாறும் பங்கு எவ்வளவு, சட்டென மாறும் பங்கு எவ்வளவு என்று 64 எண்களாக்குகிறது. நுண்ணிய, வேகமான மாற்றங்களைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றைத் தாராளமாக வெட்டுகிறது. அதனால் வானமும் தெளிந்த கடலும் மிகச் சிறிய இடத்தில் அடங்கும். வலைக்கண்ணும் மீன் செதிலும் நிறைய இடம் கேட்கும்.

எழுத்தின் கூர்மையான விளிம்புதான் இதற்கு ஒத்துவராது. சுற்றிலும் அழுக்குப்போல் புள்ளிகள் படியும். கப்பல் நேர அட்டவணை, அறிவிப்பு, திரைப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் 1996-இல் வந்த பிஎன்ஜி வடிவம்தான் சரி. அது எதையும் இழக்காமல் சுருக்கும்.

அளவும் வடிவத்துக்குச் சமமாக முக்கியம். 4000-க்கு 3000 புள்ளிப் படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள். சுருக்காவிட்டால் 36 மெகாபைட். கைப்பேசித் திரைக்கு 1200-க்கு 900 தாராளம். புள்ளிகள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். முதலில் அளவைக் குறைத்து, பிறகு ஜேபெக்காகச் சேமிக்க வேண்டும். மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள்: திருத்தித் திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஜேபெக் இன்னும் கொஞ்சம் வெட்டும்.